20 வினாடிக்கு மன்னிப்பு! 'முடியாது' என்று சொல்ல மட்டும் வாய் வராது!

ஜப்பான் நாட்டில் ஒரு ரெயில் கம்பெனி. தலைநகரான டோக்கியோவில் இருந்து சுக்குபா என்ற ஊருக்கு அது ரெயில் விடுகிறது.

2017-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. காலை நேரம். மினாமி நாகரெயாமா என்ற நிலையத்தில் அந்தக் கம்பெனியின் ரெயில் ஒன்று நின்றது. 9 மணி 44 நிமிடம் 40 வினாடிக்கு அது புறப்பட வேண்டும். ஆனால், 9 மணி 44 நிமிடம் 20 வினாடிக்கே புறப்பட்டு விட்டது.

அதாவது, 20 வினாடி முன்னதாக!

பயணிகள் யாரும் சண்டைக்கு வரவில்லை. புகார் மனுவும் இல்லை. அடுத்த ரெயிலோ, 4 நிமிடத்தில் வந்து விடும். என்றாலும் கம்பெனி சும்மா இருக்கவில்லை. பயணிகளுக்குத் தொல்லை கொடுத்து விட்டோம் என்று வருந்தி, ஊரறிய மன்னிப்பு கேட்டது!

மறு ஆண்டு மே மாதம். மேற்கு ஜப்பானில் இன்னொரு கம்பெனியின் ரெயில் 25 வினாடி முன்னதாகக் கிளம்பியது. அதற்கும் மன்னிப்பு!

நேரத்தை மதிக்கத் தெரிந்த மக்கள் என்று உலகம் புகழ்ந்தது. புகழ வேண்டியதுதான். காலையில் வேலைக்கு வரும்போது ஜப்பானியர் அப்படித்தான் இருப்பார். 9 மணிக்கு ஆபீஸ் என்றால், 5 நிமிடம் முன்னதாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இருப்பார். சரியாக 9 மணிக்கு உள்ளே நுழைந்தால், அதுவே தாமதம் போலத்தான். ரெயில் தாமதமாகி விட்டால், நிலையத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். "ரெயில் இத்தனை நிமிடம் தாமதம்" என்று அதில் அச்சிட்டு இருக்கும். அதை ஆபீசில் காட்டலாம். 5 நிமிடத் தாமதத்துக்கே இந்தச் சீட்டு உண்டு!

சரி, காலையில் இப்படி வருகிறவர் மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்?

அதுதான் சொல்ல முடியாது!

6 மணிக்கு ஆபீஸ் முடியும் என்பது காகிதத்தில் இருக்கும். ஆனால், மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரும் எழுந்திருக்கவில்லை. நாம் மட்டும் எப்படிப் போவது? போகும்போது ஒரு வார்த்தை வேறு சொல்ல வேண்டும். "உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்க வேண்டும்" என்ற பொருளில் ஒரு வாசகம். தன் வேலையை முடித்து விட்டு, தன் வீட்டுக்குப் போகிறவர் மன்னிப்பு கேட்கிறார்!

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார். "இன்று முடியாது ஐயா, நாளை செய்கிறேன்" என்று சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வருவது இல்லை.

'உம்' கொட்டுவது

"இல்லை", "முடியாது" என்ற சொற்கள் ஜப்பான் மொழியில் இல்லாமல் இல்லை. இருக்கின்றன. வேலை செய்யும் இடத்தில் அவற்றை எடுப்பதுதான் அபூர்வம். ஒருவர் கேட்டு, இன்னொருவர் நேருக்கு நேர் மறுத்தால், கேட்டவர் முகம் வாடி விடும். நாலு பேர் முன்னிலையில் என்றால், கேட்கவே வேண்டாம். அந்த நிலையை யாருக்கும் உண்டாக்கக் கூடாது என்று அங்கே சிறு வயது முதலே பழக்குகிறார்கள்.

ஜப்பான் மொழியில் "ஹாய்" என்று ஒரு சொல். "ஆமாம்" என்று அகராதியில் போட்டு இருக்கும். வெளிநாட்டு வியாபாரி போய்ப் பேசுகிறார். அவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும் போதும், எதிரே இருப்பவர் தலையை ஆட்டி "ஹாய், ஹாய்" என்கிறார். வியாபாரிக்கு ஒரே சந்தோஷம். "எல்லாவற்றுக்கும் ஒப்புக் கொண்டார்" என்று ஊருக்குச் செய்தி அனுப்புகிறார்.

அவர் ஒப்புக் கொள்ளவே இல்லை! பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'உம்' கொட்டுகிறான் அல்லவா? அதுதான் "ஹாய்". நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று பொருள். அவ்வளவுதான்.

அப்படியானால், "இல்லை" என்பதை எப்படிச் சொல்வார்கள்?

"சோட்டோ..." என்று இழுப்பார்கள். "கொஞ்சம்..." என்று அர்த்தம். கொஞ்சம் என்ன என்று சொல்ல மாட்டார்கள். வாக்கியம் பாதியில் நிற்கும். கேட்டவர் புரிந்து கொண்டு பேச்சை மாற்றி விட வேண்டும்.

"அது கஷ்டம்" என்பார்கள். அதுவும் "முடியாது"தான். "பரிசீலனை செய்கிறோம்" என்பார்கள். அதுவும் பெரும்பாலும் "முடியாது"தான்! சிலர் பேசுவதே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல் இடுக்கு வழியாக 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுப்பார்கள். அத்துடன் காரியம் முடிந்தது.

ஜப்பானில் "இல்லை" என்று சொல்லாமலே தப்பிக்க 16 வழிகள் இருப்பதாக, 1974-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒருவர் கட்டுரையே எழுதினார். 16 வழி! சும்மா இருப்பது அதில் ஒன்று. பொய்ச் சாக்கு சொல்வதும் ஒன்று.

நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடன் கேட்டு வந்தவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறோமே, அது என்ன?

சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஜப்பான் கம்பெனிகளின் தொழிற்சாலைகள் நடக்கின்றன. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று ஜப்பானிய மானேஜர் கேட்டால், "முடிச்சிடலாம் சார்!" என்பதுதான் நம் ஆட்களுக்கு வாயில் முதலில் வரும் பதில். மனதுக்குள் திங்கட்கிழமை என்ற கணக்கு இருக்கும். "இல்லை" சொல்ல விரும்பாத இரண்டு ஜாதி மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் எப்படி இருக்கும்? ஜப்பானியர் "கஷ்டம்" என்றால் நமக்குப் புரிந்து விடும். நாம் "முடிச்சிடலாம்" என்றால்தான் அவருக்குப் புரியாது. அவர் ஊரில் குறித்த நாள் என்றால் குறித்த நாள்தான்.

ஜெர்மனியர் கதை வேறு. அவரிடம் "கஷ்டம்" என்று சொன்னால், "எது கஷ்டம்? சொல்லுங்கள், சரி செய்து விடுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விடுவார்!

கூட்டத்துக்கு முன்பே கூட்டம்

யாருமே "இல்லை" சொல்ல மாட்டார்கள் என்றால், ஒரு கம்பெனி எப்படி நடக்கும்? தப்பான யோசனைகளை யார் தடுப்பார்கள்?

அதற்கு ஒரு தந்திரம் வைத்து இருக்கிறார்கள். "நெமவாஷி" என்று அதற்குப் பெயர். இது தோட்டக்காரர்களின் சொல். பெரிய மரத்தை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி நட வேண்டுமானால், திடீரென்று பிடுங்கக் கூடாது. பட்டுப் போகும். முன்கூட்டியே சுற்றிலும் தோண்டி, வேர்களைப் பக்குவப்படுத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் "நெமவாஷி" என்று பெயர்.

ஆபீசிலும் அதே கதைதான். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். டீ குடித்துக் கொண்டே மெதுவாக விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் தலையைச் சாய்த்தால், யோசனையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிறகு அடுத்தவர். எல்லோரும் சம்மதித்த பிறகுதான் கூட்டம். கூட்டத்தில் ஒரு சண்டையும் வராது.

இது தெரியாத வெளிநாட்டுக்காரர் புது யோசனை ஒன்றைக் கூட்டத்தில் திடீரென்று எடுத்து வைப்பார். எல்லோரும் மேஜையைப் பார்த்துக் கொண்டு இருப்பார்கள். அவருக்கு ஒன்றும் விளங்காது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கு இல்லை. முடிவு எடுக்க நாள் ஆகும். ஆனால், எடுத்த பிறகு வேலை மளமளவென்று நடக்கும். குறுக்கே இழுக்க ஆள் இருக்காது.

இரண்டு நாடுகளுக்குள் மனக்கசப்பு

ஆபீசில் இந்த வழக்கம் சரி. நாட்டுக்கு நாடு பேசும்போது?

1969-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜப்பான் பிரதம மந்திரி சாட்டோ அமெரிக்காவுக்குப் போனார். ஜனாதிபதி நிக்சனைச் சந்தித்தார். போருக்குப் பிறகு ஒக்கினாவா தீவு அமெரிக்காவின் கையில் இருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது சாட்டோவின் ஆசை. நிக்சனுக்கு வேறு கவலை. ஜப்பான் துணிகள் மலிவு விலையில் வந்து குவிந்ததால், அமெரிக்க மில்காரர்கள் கூச்சல் போட்டார்கள். தேர்தல் சமயத்தில் அவர்களுக்கு நிக்சன் வாக்குக் கொடுத்து இருந்தார். "துணி ஏற்றுமதியைக் குறையுங்கள்" என்று சாட்டோவிடம் கேட்டார்.

அப்போது நடந்ததாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. "நல்ல விதமாகக் கவனிக்கிறேன்" என்ற பொருளில் சாட்டோ ஒரு வார்த்தை சொன்னாராம். ஜப்பானில் அரசியல்வாதி அப்படிச் சொன்னால், ஒன்றும் நடக்காது என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். மொழிபெயர்த்தவர், "என்னால் ஆனதை எல்லாம் செய்கிறேன்" என்று சொல்லி விட்டாராம். காரியம் முடிந்தது என்று நிக்சன் நினைத்து விட்டாராம்.

சாட்டோ வாயில் இருந்து வந்த சொல் எது என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. ஆனால், பின்னால் நடந்ததில் வழக்கு இல்லை. துணி ஏற்றுமதி நிக்சன் நினைத்தபடி குறையவில்லை. வாக்குத் தவறி விட்டார்கள் என்று அவர் கோபம் கொண்டார். 1971-ம் ஆண்டு ஜூலையில், சீனாவுக்குப் போகப் போவதாக அவர் அறிவித்தார். நெருங்கிய நட்பு நாடான ஜப்பானிடம் அதுபற்றி முன்னதாகக் கலந்து பேசவில்லை. ஆகஸ்டு மாதம், இறக்குமதிப் பொருள்களுக்கு 100-க்கு 10 வீதம் கூடுதல் வரி போட்டார். அக்டோபரில், துணி விஷயத்தில் ஜப்பான் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டது. ஒக்கினாவா, 1972-ம் ஆண்டு மே மாதம் ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது.

1989-ம் ஆண்டில் ஜப்பானில் ஒரு புத்தகம் வெளிவந்து பரபரப்பாக விற்றது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் சோனி கம்பெனித் தலைவர் மொரிட்டா. மற்றவர் அரசியல்வாதி இஷிஹாரா. புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? "இல்லை என்று சொல்லக்கூடிய ஜப்பான்"!

சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியவர்கள்

நேரம் தவறாமை ஜப்பானியர் ரத்தத்திலேயே ஊறியது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

1857-ம் ஆண்டில் கட்டன்டைக் என்ற டச்சுக் கடற்படை அதிகாரி நாகசாகி துறைமுகத்துக்கு வந்தார். ஜப்பானியருக்குக் கப்பல் வித்தை சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. அவர் எழுதி வைத்த குறிப்புகளில் ஒரே புலம்பல்! சொன்ன நேரத்துக்குச் சாமான் வரவில்லை. ஒரு தடவை வந்த வேலையாள் மறு தடவை வரவே இல்லை. இவர்களுக்கு நேரம் என்றால் என்ன என்றே தெரியவில்லை என்று அலுத்துக் கொண்டார்.

அவர் மேலும் தப்பு இல்லை. ஜப்பானியர் மேலும் தப்பு இல்லை. அந்தக் காலத்து ஜப்பானில் சூரியன் உதித்தது முதல் மறைகிறவரை உள்ள பொழுதை 6 பங்காகப் பிரிப்பார்கள். இரவுக்கு 6 பங்கு. கோடையில் பகல் நீளம். ஆகவே, ஒரு பங்கும் நீளம். குளிர்காலத்தில் அதே பங்கு குட்டை. நிமிடமே இல்லாத ஊரில் 5 நிமிடத் தாமதம் எப்படி இருக்கும்?

1872-ம் ஆண்டில் டோக்கியோவுக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே முதல் ரெயில் ஓடியது. 1873-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் இருந்து, ஐரோப்பிய முறைக் காலண்டரும் 24 மணிக் கணக்கும் வந்தன. ரெயிலும் பள்ளிக்கூடமும் தொழிற்சாலைச் சங்கும் மக்களுக்கு நேரம் கற்றுக் கொடுத்தன. 1920-ம் ஆண்டில், ஜூன் 10-ந் தேதியை 'நேர நாள்' என்று அறிவித்தார்கள். இன்றும் அந்த நாள் உண்டு.

ஆக, சுமார் 50 வருடத்தில் ஒரு நாட்டின் பழக்கமே மாறி விட்டது! எங்கள் ஊர்க்காரர்கள் திருந்தவே மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஒன்றரை நிமிடம்!

ஆனால், நேரமே தெய்வம் என்று ஆகி விட்டால் என்ன நடக்கும்? அதையும் ஜப்பான் பார்த்து விட்டது.

2005-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, திங்கட்கிழமை. ஒசாக்கா நகருக்குப் பக்கத்தில் அமகசாக்கி என்ற ஊர். காலை நேரத்தில் 7 பெட்டிகள் கொண்ட ரெயில் வந்து கொண்டு இருந்தது. ஓட்டியவர் 23 வயது இளைஞர். முந்திய நிலையத்தில் அவர் ரெயிலை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. சுமார் 70 மீட்டர் தள்ளிப் போய் விட்டது. பின்னால் கொண்டு வந்து ஆட்களை ஏற்றினார். அதில் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் தாமதம்.

தப்பு செய்கிற டிரைவர்களுக்கு அந்தக் கம்பெனியில் 'மறுபயிற்சி' என்று ஒன்று இருந்தது. பயிற்சி என்பது பெயர்தான். நாள் முழுக்க உட்கார்ந்து, "நான் செய்த தவறு" என்று அறிக்கை எழுத வேண்டும். புல் பிடுங்க விட்டதும் உண்டு. இந்த இளைஞர் அதற்கு முந்திய ஆண்டில்தான் 13 நாள் அந்தத் தண்டனையை அனுபவித்து இருந்தார்.

தள்ளிப் போன தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி, பின்பெட்டியில் இருந்த கார்டிடம் அவர் கேட்டுக் கொண்டார். கார்டு இரக்கப்பட்டு, "8 மீட்டர்" என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்தப் பேச்சு டிரைவருக்கும் ரேடியோவில் கேட்டது. அவர் காது அங்கே இருந்தது. முன்னால் வளைவு. அதில் 70 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ரெயில் சுமார் 116 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. தண்டவாளத்தை விட்டு இறங்கி, பக்கத்தில் இருந்த அடுக்குமாடி வீட்டில் மோதியது.

107 பேர் செத்தார்கள். அந்த இளைஞரும் அவர்களில் ஒருவர். 562 பேர் காயம் அடைந்தார்கள்.

டிரைவரின் கவனம் அந்த ரேடியோப் பேச்சில் இருந்ததால், பிரேக் பிடிப்பது தாமதமாகி இருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு 2007-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. தண்டனைக்குப் பயந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அது கருதியது. "தாமதமாகி விட்டது, பரவாயில்லை" என்று சொல்ல அந்தக் கம்பெனியில் யாரும் இருக்கவில்லை.

வேலையால் சாவு

"கரோஷி" என்று ஜப்பான் மொழியில் ஒரு சொல் உண்டு. "அளவுக்கு மீறிய வேலையால் சாவு" என்று பொருள். அதற்கென்று தனிச் சொல்லே பிறந்து விட்டது! 1969-ம் ஆண்டில், ஒரு பத்திரிகைக் கம்பெனியில் வேலை பார்த்த 29 வயது மனிதர் மூளையில் ரத்தக் குழாய் நோயால் இறந்தார். இப்படிப்பட்ட சாவுகளில் முதலாவதாக அதைத்தான் சொல்கிறார்கள். பின்னால் எத்தனையோ. நெஞ்சு வலியால் செத்தவர்கள் உண்டு. மனம் உடைந்து தற்கொலை செய்து கொண்டவர்களும் உண்டு. 1988-ம் ஆண்டில் வக்கீல்கள் கூடி, குடும்பத்தாருக்கு உதவி செய்ய டெலிபோன் ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலும் பெண்சாதிமார்தான் பேசினார்கள். "என் வீட்டுக்காரர் நடுநிசிக்கு வருகிறார், விடிந்தால் போகிறார். என்ன செய்வது?"

2018-ம் ஆண்டில் அரசாங்கம் சட்டம் கொண்டு வந்தது. கூடுதல் வேலை மாதத்துக்கு 45 மணி நேரம், வருடத்துக்கு 360 மணி நேரம்தான். மிக அவசரமானால் மட்டும் ஒரு மாதத்தில் 100 மணிக்குள் போகலாம். மீறினால், முதலாளிக்குத் தண்டனை. 2019-ம் ஆண்டு ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கும், மறு ஆண்டு சிறிய கம்பெனிகளுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது.

ஜெர்மனியிலும் காலையில் நேரம் தவற மாட்டார்கள். அதில் ஜப்பானுக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஆனால், மாலையிலும் தவற மாட்டார்கள்! வேலை முடிந்த பொழுதுக்கு அவர்கள் மொழியில் தனிப்பெயரே உண்டு. அந்தப் பொழுது வீட்டுக்குச் சொந்தம். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்க, இடையே 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. "இன்று முடியாது, நாளை காலை செய்கிறேன்" என்று சிப்பந்தி சொன்னால், மேலதிகாரி தப்பாக நினைக்க மாட்டார். அந்த மேலதிகாரியும் கோட்டை மாட்டிக் கொண்டு கிளம்பிக் கொண்டுதான் இருப்பார்.

கூலிக்கு ஆள்

ஜப்பானில் வேலையை விடுவது சட்டப்படி சுலபம். நிரந்தர வேலையில் இருப்பவர் சொல்லி விட்டு, 2 வாரத்தில் விலகி விடலாம். ஆனால், யார் போய்ச் சொல்வது? மேலதிகாரி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடும் மேலதிகாரிகளும் உண்டு என்கிறார்கள்.

இதற்கும் ஒரு வியாபாரம் வந்து விட்டது. 'ராஜினாமா சொல்லிக் கொடுக்கும் கம்பெனி'! சுமார் 20 ஆயிரம் யென் பணம் கட்டினால் போதும். மறுநாள் காலையில், அந்தக் கம்பெனி ஆள் உங்கள் ஆபீசுக்குப் போன் செய்வார். "இன்னார் இன்று முதல் வேலைக்கு வர மாட்டார். அவருக்கு நேராகப் போன் செய்ய வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்வார். நீங்கள் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். அடையாள அட்டையையும் சீருடையையும் தபாலில் அனுப்பி விடலாம்.

2017-ம் ஆண்டு வாக்கில் இந்தத் தொழில் பிரபலம் ஆனது. இன்று பல கம்பெனிகள் நடத்துகின்றன. பணம் கட்டுகிறவர்களில் இளைஞர்களே அதிகம்.

ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் ஜப்பானில் தொடர்ச்சியாக விடுமுறை வரும். ஏப்ரலில் புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் ஊருக்குப் போய், அம்மா கையால் சாப்பிட்டு விட்டுத் திரும்புவார்கள். விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கும் அன்றுதான், இந்தக் கம்பெனிகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.